கைச்செட்டை மாரிக்கு முன் தயார்படுத்துவது எப்படி

நவம்பர் நெருங்கி மாரி இருட்டத் தொடங்கினால் நண்பர்களிடமிருந்து வருகிற கேள்வி அநேகமாக இதுதான்: ஹாம் (அனுமதி பெற்ற பொழுதுபோக்கு வானொலிக்காரர்) பாவிக்கிற வோக்கி மாதிரிக் கைச்செட் ஒன்று வாங்கி வைத்தால், டவர் எல்லாம் செத்தாலும் கொழும்புக்குக் கதைக்கலாமா? முடியாது. மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து காத்தான்குடிக்குக் கதைக்கலாம், கொஞ்சம் மெனக்கெட்டால் களுவாஞ்சிகுடிக்கும் கதைக்கலாம், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலுக்குள் நிற்கிற ஆளைக் கிழக்கே எழுவான்கரை வீட்டு மொட்டைமாடியிலிருந்து பிடிக்கலாம். வெள்ளம் வந்து பாதை அறுபட்டு போனும் வேலை செய்யாத நேரத்தில் அது சின்ன விஷயமே இல்லை. ஆனால் அதற்குச் செட்டை வாங்கி அலுமாரிக்குள் வைத்தால் போதாது. இந்தப் பக்கத்தில் செட் வைத்திருக்கிற நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்ததையும் என் கையால் செய்து பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

தூரக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 144 மெகாஹேர்ட்ஸ் பக்கத்து அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. பூமி வளைகிற இடத்தில் தலைக்கு மேலால் கடந்துவிடும். அன்டெனா நிலத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அதற்கு எட்டுகிற தூரம் கிலோமீட்டரில் வரும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே கணக்குப் போட்டுக் கூட்டுங்கள். இரண்டு பேர் கடற்கரை மணலில் நின்று செட்டை வாய்க்கு நேரே, ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்தால் ஆகக்கூடியது 10 கிலோமீட்டர். இடையில் தென்னந்தோப்பும் வீடும் மதிலும் வந்தால் அதில் பாதிகூட வராது, நகரத்துக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். இரண்டு பக்கமும் அன்டெனா 10 மீட்டருக்கு ஏறினால் அதே செட், அதே பற்றரி, 26 கிலோமீட்டர். குடும்பிமலை 500 மீட்டருக்கு மேல். அதன் உச்சியில் ஒரு செட் நின்றால் 90 கிலோமீட்டருக்குத் தடையில்லாமல் எட்டும், அதாவது மட்டக்களப்பு மாவட்டம் அநேகமாக முழுவதும். வொட் கூடிய செட் தேடி அலைகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: 4 வொட்டை 8 வொட் ஆக்கினால் மறுபக்கத்தில் சிக்னல் மீட்டர் அரைப் படிதான் ஏறும், அன்டெனாவைக் கூரைக்கு மேலே ஏற்றினால் கேட்காத ஊர் கேட்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு விக்டர் குணதிலக, 4எஸ்7விகே என்ற அழைப்புக்குறிக்காரர், அவரோடு நின்ற ஹாம்கள் எல்லாரும் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே செய்தி கடத்தியதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சிற்றலை, வேறு வகைச் செட். கையில் பிடிக்கிற செட்டால் மலைநாட்டைத் தாண்டிக் கொழும்புக்குப் போவதென்றால் நடுவில் ஒரு ரிப்பீட்டர், அதாவது குரலைக் கேட்டு மறுபடி அனுப்புகிற உயரமான நிலையம், வேண்டும், அது அந்த நேரம் கரண்டோடு உயிருடன் இருக்கவும் வேண்டும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஊருக்கும் ஊருக்கும் இடையே நேராகக் கதைப்பதை நம்பிப் போடுங்கள்.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொடாதீர்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியம். இலங்கையில் கதைக்கக்கூடிய வானொலிக் கருவி எதையும் வைத்திருக்க, பாவிக்க, வெளிநாட்டிலிருந்து இறக்க அனுமதி தேவை. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் அது. அனுமதி தருவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. பரீட்சையும் அவர்கள்தான் வைக்கிறார்கள். அடிப்படை மின்னியலும் வானொலி விதிகளும் படித்தால் ஓ.எல். கணித, விஞ்ஞான அறிவோடு தாண்டிவிடலாம். பாஸானால் 4எஸ் என்று தொடங்குகிற அழைப்புக்குறி உங்களுக்கென்று வரும். இலங்கை வானொலிச் சங்கத்தோடு தொடர்பு எடுத்தால் படிக்கிற வழி காட்டுவார்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடக்கிறதே என்று முதலில் ஓர்டர் போட்டுவிட்டு, சுங்கத்தில் செட் மாட்டிய பிறகு அனுமதிக்கு ஓடக் கூடாது. அனுமதி முதலில், செட் பிறகு.

நம்முடைய மாவட்டங்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போர்க்காலம் பார்த்த ஊர் இது. கையில் வோக்கியோடு ஒரு பொடியன் வீதியில் நின்றால் பக்கத்து வீட்டு அம்மாவுக்கே நெஞ்சு படபடக்கும், சோதனைச் சாவடியில் நிற்பவருக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அனுமதிப்பத்திரத்தின் பிரதியைப் பொலித்தீனில் போட்டுச் செட்டோடு சேர்த்தே வையுங்கள். முதல் தடவை வெளியே கொண்டுபோய்ப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு முன் கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கேட்கிறவர்களுக்குச் செட்டைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். ஹாம் அலைவரிசையில் சங்கேத வார்த்தையில் கதைக்கக் கூடாது, வியாபாரத்துக்கும் பாவிக்கக் கூடாது; இறால் பண்ணைக்கும் நெல் மில்லுக்கும் அது ஆகாது. இவை ஹாம்களுக்கு உலகம் முழுக்க உள்ள விதி.

எந்தச் செட்

நம்முடைய பக்கத்தில் அதிகம் பார்ப்பது பாவோஃபெங் யூவி-5ஆர், அடுத்தது குவான்ஷெங் யூவி-கே5. இரண்டும் மலிவு, இரண்டும் 2 மீட்டர் அலையும் (144 மெகாஹேர்ட்ஸ் பக்கம்) 70 சென்டிமீட்டர் அலையும் (430 மெகாஹேர்ட்ஸ் பக்கம்) எடுக்கும், எஃப்.எம். ரேடியோவும் கேட்கும். வெள்ள நேரத்தில் அந்த எஃப்.எம். பெரிய உதவி, காலநிலைச் செய்திக்கு வேறு ரேடியோ தேட வேண்டியதில்லை. யாயேசு எஃப்டி-60, எஃப்டி-65 மாதிரிச் செட்கள் விலை பல மடங்கு, ஆனால் கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும்: பொத்தான் திடமாக இருக்கும், கேட்கும் பகுதி பக்கத்துச் சத்தத்தால் குழம்பாது.

அந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இங்கே பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். மலிவுச் செட்டின் கேட்கும் பகுதி முழுவதும் ஒரே சிப்பில் அடங்கியது. ரப்பர் அன்டெனாவோடு வெளியில் அழகாகக் கேட்கும். அதையே கூரை அன்டெனாவில் மாட்டினால், பக்கத்தில் பலமான நிலையம் ஒன்று இருந்தால் அதன் சக்தி உள்ளே கொட்டி, நீங்கள் கேட்க வேண்டிய மெல்லிய குரல் காணாமல் போய்விடும். கல்முனையில் இருக்கிற ஒரு நானா தன் செட் பழுது என்றே முடிவு கட்டியிருந்தார். பிரதான வீதியோரத்தில் வீடு, பக்கத்திலேயே டவர். அதே செட்டையும் அதே அன்டெனாவையும் நிந்தவூர்க் கடற்கரைப் பக்கம் கொண்டுபோனதும் சுத்தமாகக் கேட்டது. நகர நடுவில் வீடு, கூரை அன்டெனாவும் போடப் போகிறீர்கள் என்றால் காசு சேர்த்து நல்ல கேட்கும் பகுதி உள்ள செட்டை வாங்குவது சரி. கிராமத்தில், தோட்டத்தில் என்றால் மலிவுச் செட்டே தாராளம். மலிவாகக் கிடைக்கிறதில் இரண்டு வாங்கி ஒன்றை மறுபக்கத்து ஆளுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தால், அவருக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அன்டெனா வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள். பாவோஃபெங்கில் செட்டிலிருந்து ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், யாயேசுவில் செட்டில் துளை, ஊசி அன்டெனாவில். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது.

முதல் நாள் செட்டிங்

யூவி-5ஆர்காரர்களுக்கு இலக்கத்தோடு சொல்கிறேன், மெனு பொத்தானை அழுத்தி இலக்கத்தை அடித்தால் அங்கேயே போய் நிற்கும். 0 இல் ஸ்குவெல்ச், அதாவது யாரும் கதைக்காத நேரம் இரைச்சலை அடைக்கிற வசதி, அதை 1 அல்லது 2 இல் வையுங்கள், கூட்டினால் தூரத்துக் குரல் உள்ளே வராது. 7 இல் திரையின் இரண்டு வரியிலும் உள்ள அலைவரிசைகளை மாறி மாறிக் கேட்கிற இரட்டைக் கேட்பு, பழகும்வரை அதை நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் மேல் வரியில் கதைக்கிறேன் என்று நினைத்துக் கீழ் வரியில் கதைப்பீர்கள். 9 இல் தொடர்ந்து எத்தனை விநாடி கதைக்கலாம் என்ற கட்டுப்பாடு, 60 போதும். அது அவசியம்: பைக்குள் செட் அமுங்கிப் பி.டி.டி. (கதைக்க அழுத்துகிற) பொத்தான் அழுத்துப்பட்டால் யாருக்கும் தெரியாமல் அலைவரிசையை அடைத்துக்கொண்டு பற்றரியும் தீர்ந்துவிடும், ஹேஷ் பொத்தானைப் பிடித்துப் பூட்டினாலும் பி.டி.டி. பூட்டுப்படாது. 4 இல் உள்ள குரலால் இயங்குகிற வசதியை நிறுத்துங்கள். 14 இல் அந்தப் பெண் குரலையும் 39 இல் கதைத்து முடிந்ததும் அடிக்கிற ரோஜர் பீப்பையும் நிறுத்துங்கள்.

செட் செத்துவிட்டது, ஒன்றும் கேட்கவில்லை என்று என்னிடம் வந்தவற்றில் அநேகம் மெனு 11 இல்தான் இருந்தது. அங்கே ஒரு டோன், அதாவது குரலோடு சேர்ந்து போகிற அடையாள ஒலி, போட்டுவிட்டால் அதே டோனோடு வருகிற குரல் மட்டுமே ஸ்பீக்கருக்கு வரும், மற்றவர் எவ்வளவு கத்தினாலும் செட் ஊமை. 10 உம் 11 உம் நிறுத்தியே இருக்கட்டும். ரிப்பீட்டருக்கு டோன் தேவை என்றால் 13 இல் மட்டும் போடுங்கள், அது நீங்கள் அனுப்புகிற டோன்.

அலைவரிசைகளைக் கையால் சேமிக்கலாம், ஆனால் ரிப்பீட்டருக்குக் கேட்கிறதை 27 இல் ஒரு இலக்கத்தில் சேமித்து, பிறகு அனுப்புகிற அலைவரிசையை அடித்து அதே இலக்கத்தில் மறுபடி சேமிக்க வேண்டும், விரல் நோகும். கம்பியூட்டர் இருந்தால் சேர்ப் என்ற இலவச மென்பொருளும் ஒரு புரோகிராமிங் கேபிளும் போதும். மலிவுக் கேபிள்களில் போலி சிப் இருந்தால் புதிய டிரைவர் அதை ஏற்காது, அந்த நேரத்தில் செட்டைக் குறை சொல்லாமல் பழைய டிரைவரைப் போட்டுப் பாருங்கள், அல்லது சிஎச்340 சிப் உள்ள கேபிளாக வாங்குங்கள். முதலில் செட்டில் இருப்பதைப் படித்து ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் எதையும் எழுத வேண்டும். அப்புறம் உங்கள் அனுமதிப்பத்திரத்தில் உள்ள எல்லைக்கு வெளியே எந்தச் சானலிலும் அனுப்புவதை மென்பொருளிலேயே அடைத்துவிடுங்கள். இந்தச் செட்கள் 136 முதல் 174 வரை எங்கே வேண்டுமானாலும் கத்தும், 156.8 இல் கடல் சானல் 16 இருக்கிறது, வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து போகிற ஆழ்கடல் படகுகள் ஆபத்துக்குக் கூப்பிடுகிற இடம் அது. அங்கே கை தவறிக்கூட அழுத்துப்படக் கூடாது.

அன்டெனா

செட்டோடு வருகிற குட்டி ரப்பர் அன்டெனா பைக்குள் வைக்க வசதி, வேறொன்றுமில்லை. அதை மாற்றாமலே உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அரை மீட்டர் அளவு, சரியாகச் சொன்னால் 49 சென்டிமீட்டர், மெல்லிய வயர் வெட்டி, ஒரு நுனியை உரித்து, அன்டெனாவைக் கழற்றி அதன் கழுத்தின் வெளி வளையத்தில் அந்த வயரைச் சுற்றி, அன்டெனாவை மறுபடி இறுக்குங்கள். நடு ஊசியில் படக் கூடாது. வயர் செட்டுக்குக் கீழே வால் மாதிரித் தொங்கட்டும். 2 மீட்டரில் அலையின் நீளம் ஏறக்குறைய 2.07 மீட்டர், கால் பங்கு அரை மீட்டர். குட்டி அன்டெனாவுக்கு நிலம் (அன்டெனாவின் மறுபாதி) என்று ஒன்று இல்லாமல் தவிக்கிற இடத்தில் இந்த வால் அதைக் கொடுக்கிறது. காத்தான்குடியில் இரைச்சலோடு கேட்ட என் குரல் வால் கட்டியதும் சொல் சொல்லாகப் புரிந்தது. செலவு ஒரு வயர்த் துண்டு.

வீட்டுக்கு ஒரு கிரவுண்ட் பிளேன் அன்டெனா கட்டுங்கள். எஸ்ஓ-239 என்கிற சதுரச் சொக்கெட் ஒன்று, ஐந்து கம்பி. கம்பிக்கு வெல்டிங் கடையில் கிடைக்கிற பித்தளைக் கம்பி ஆக நல்லது, வளைத்தால் நிற்கும், ஈயமும் பிடிக்கும். நடுவில் நிற்கிற கம்பியை 49 சென்டிமீட்டருக்கு வெட்டிச் சொக்கெட்டின் நடு ஊசியில் ஈயம் வைத்து ஒட்டுங்கள். மற்ற நான்கையும் ஒரு 52 சென்டிமீட்டருக்கு வெட்டி, நுனியில் சின்ன வளையம் போட்டு, சொக்கெட்டின் நாலு மூலைத் துளையிலும் போல்ட் நட் போட்டு இறுக்கி, கீழ்ப்பக்கமாக 45 பாகை சரித்து வளையுங்கள். சரிவை மறக்க வேண்டாம்: நேராகக் கிடையாக விட்டால் மின்தடை 50 ஓம்முக்குக் குறைந்துபோகும், சரித்தால் 50 க்குக் கிட்ட வரும். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது) யாரிடமாவது இரவல் வாங்க முடிந்தால் நடுக்கம்பியைச் சில மில்லிமீட்டராக நறுக்கி நறுக்கிப் பாருங்கள், 1.5 க்குக் கீழே வந்தால் விட்டுவிடலாம். 145 க்கு வெட்டிய இதே கம்பி 70 சென்டிமீட்டருக்கு முக்கால் அலையாக அமைகிறதால் அங்கேயும் ஓரளவு வேலை செய்யும்.

கேபிளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர் போட்டால் 145 இல் உங்கள் 4 வொட்டில் 2.5 வொட் மட்டுமே மேலே போய்ச் சேரும். டிஷ் அன்டெனாவுக்குப் போடுகிற ஆர்ஜி-6 கேபிள் எந்த ரி.வி. கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும், அதில் அதே தூரத்துக்கு 3.3 வொட் போகும். அது 75 ஓம், செட் 50 ஓம், அதனால் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 பக்கம் காட்டும். கைச்செட்டுக்கு அது ஒரு கெடுதலும் செய்யாது. ஆர்ஜி-6 இன் வெளிப் பின்னல் அலுமினியம், ஈயம் பிடிக்காது, ஆகவே எஃப் கனெக்டரை அமுக்கிப் போட்டு அடப்டர் மூலம் மாற்றிக்கொள்ளுங்கள். தடித்த கேபிளை நேரடியாகக் கைச்செட்டில் தொங்கவிடாதீர்கள், அந்தப் பாரத்தில் செட்டின் கழுத்து உள்ளே பலகையோடு விண்டுவிடும். கடைசி அரை மீட்டருக்கு மெல்லிய கேபிள் துண்டொன்று இருக்கட்டும்.

எங்கே ஏற்றுவது? பழைய ரி.வி. அன்டெனாவின் இரும்புக் கம்பம் சும்மா நிற்கிற வீடுகள் இன்னும் நிறைய, அதன் உச்சிதான் சரியான இடம். பிளாஸ்டிக் குழாயை மட்டும் உயரமாக நட்டால் வாடைக்காற்றில் வளைந்து முறியும். தென்னையில் கட்டினால் ஓலைக்கு மேலே அல்லது வெளியே நிற்க வேண்டும், நனைந்த ஓலைக்குள் ஒளிந்து நின்றால் சிக்னல் குறையும், 70 சென்டிமீட்டரில் இன்னும் மோசம். விழுந்தால் மின்கம்பியில் படுகிற தூரத்துக்குள் எந்தக் கம்பத்தையும் தூக்காதீர்கள். இடி முழங்கத் தொடங்கினால் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். ஒக்டோபர் பின்னேரங்களில் இங்கே இடி எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும்.

கட்டி முடிந்ததும் ஒரு ஞாயிறு மாலை பரீட்சித்துப் பாருங்கள். ஒருவர் வீட்டில், ஒருவர் மோட்டார்சைக்கிளில். வாவியோரமாக நிற்கும்போது ஆச்சரியமாகக் கேட்கும், தண்ணீர்ப் பரப்புக்கு மேலே தடை இல்லை. மண்முனைப் பாலத்தில் நின்று கதைத்தால் கல்லடி பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் வரும். அதே ஆள் கொக்கட்டிச்சோலைச் சந்தைக்குள் கட்டடங்களுக்கு நடுவே போனால் காணாமல் போவார், கோயில் பக்கம் வெளிக்கு வந்தால் மறுபடி வருவார். எங்கே நின்றால் கேட்கிறது என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். வெள்ள நேரத்தில் அந்தக் கொப்பிதான் வரைபடம்.

பற்றரியும் உப்பும்

யூவி-5ஆர் உடன் வருகிற பற்றரி 1800 மில்லிஅம்பியர் மணி. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் ஒரு நாள் தாங்கும். முழுச் சக்தியில் தொடர்ந்து கதைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கும் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆகவே கிட்ட உள்ளவரோடு கதைக்கும்போது மெனு 2 இல் சக்தியைக் குறையுங்கள். 4 வொட்டுக்கும் 1 வொட்டுக்கும் இடையே மறுபக்கத்து மீட்டரில் ஒரே ஒரு படிதான் வித்தியாசம், பற்றரியில் நிறைய.

செட்டோடு வருகிற தட்டுச் சார்ஜருக்குச் சுவர்க் கரண்ட் வேண்டும், வெள்ளத்தில் அதுதான் முதலில் போகும். யூஎஸ்பி-சி துளை உள்ள பற்றரி ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள், போன் பவர்பேங்க், சின்ன சோலார் தகடு எதிலும் ஏறும். யூவி-கே5 இல் அந்தத் துளை ஏற்கெனவே உண்டு. பற்றரி வடிவத்தில் வருகிற 12 வோல்ட் அடப்டர் ஒன்றிருந்தால் மோட்டார்சைக்கிள் பற்றரியிலேயே செட்டை நாள்கணக்கில் ஓட்டலாம். மாரி இல்லாத மாதங்களில் பற்றரியைப் பாதிச் சார்ஜில் வைப்பது நல்லது, ஒக்டோபர் வந்தால் நிரப்பி வைக்க வேண்டும். வெயிலில் நிற்கிற ஓட்டோவின் டாஷ்போர்டில் விட்டுப் போகாதீர்கள், பற்றரி வீங்கிவிடும்.

உப்பைப் பற்றிக் கரையில் இருக்கிற எல்லாரும் ஒரே கதைதான் சொல்கிறார்கள். வாழைச்சேனையில் ஒரு தம்பியின் செட்டில் சார்ஜ் ஏறவில்லை. பற்றரியைக் கழற்றிப் பார்த்தால் அடியில் உள்ள இரண்டு செப்புப் புள்ளியிலும் பச்சைக் களிம்பு. பென்சில் அழிறப்பரால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் நனைத்த பஞ்சால் துடைத்ததும் ஏறத் தொடங்கியது. மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள், அன்டெனாக் கழுத்தையும் சேர்த்து. கூரையில் உள்ள கனெக்டருக்குத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றி, மேலே சாதாரண டேப் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், மழைத்தண்ணீர் அதிலிருந்து சொட்டிவிடும். செட் கடலிலோ வாவியிலோ விழுந்தால் உடனே பற்றரியைக் கழற்றி, செட்டை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் ஃபேனுக்கு முன்னால் சில நாள் காயவிடுங்கள். உப்புத் தண்ணீரோடு காயவிட்டால் உள்ளே தின்றுவிடும்.

கதைக்கிற முறை

செட்டை நிமிர்த்திப் பிடியுங்கள், சரித்தால் சிக்னல் விழும். வாயிலிருந்து நாலு விரல் தூரம். பொத்தானை அழுத்தி ஒரு கணம் பொறுத்துப் பிறகு பேசுங்கள், அவசரப்பட்டால் முதல் சொல் வெட்டுப்படும். அவரின் அழைப்புக்குறி, பிறகு உங்களுடையது, பிறகு விஷயம். தமிழில் தாராளமாகக் கதைக்கலாம், அழைப்புக்குறியை மட்டும் ஆங்கில எழுத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். ஊர்ப்பெயரும் எண்ணிக்கையும் இரண்டு தடவை.

வெள்ளத்துக்கென்று ஒரு ஒழுங்கு முன்கூட்டியே வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பை அடித்தபோதும் 2011 சனவரி வெள்ளத்தின்போதும் இருந்தவர்களுக்குத் தெரியும், அன்றைக்குப் போய் யார் எந்தச் சானலில் என்று கேட்க ஆள் இருக்காது. உங்களுக்குள் ஒரு சிம்ப்ளெக்ஸ் (ரிப்பீட்டர் இல்லாமல் நேராகக் கதைக்கிற) அலைவரிசை, அது அடைபட்டால் இன்னொன்று, இரண்டையும் செட்டின் முதல் இரண்டு இலக்கத்தில் போடுங்கள். நாள் முழுக்கச் செட்டைத் திறந்து வைத்துப் பற்றரியைக் கொல்லாமல், ஒவ்வொரு மூன்று மணித்தியாலத்துக்கும் முதல் ஐந்து நிமிடம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். யார் எங்கே, எத்தனை பேர், என்ன தேவை, எத்தனை மணிக்குச் சொன்னது என்று எழுதி வைத்து, போன் கிடைக்கிற இடத்தில் நிற்கிறவர் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 க்குச் சொல்லட்டும். பிரதேச செயலகத்துக்கும் இந்த ஒழுங்கை மாரிக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள், அவர்கள் உங்களைத் தேடி வருவதற்கு உங்கள் பெயர் அவர்களிடம் இருக்க வேண்டும்.

மழை இல்லாத மாதங்களில்

செட்டைத் தூங்கவிடாமல் வைத்திருக்க ஆக நல்ல வழி விண்வெளிதான். கிழக்குப் பக்கம் முழுவதும் திறந்த கடல், கல்லடியிலோ பாசிக்குடாவிலோ திருக்கோவிலிலோ மணலில் நின்றால் அடிவானம்வரை ஒரு மரமில்லை. சர்வதேச விண்வெளி நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது, நன்றாகத் தலைக்கு மேலே வந்தால் ஒரு பத்து நிமிடம் கேட்கலாம். எப்போது வரும் என்று போன் செயலிகளே காட்டும். அதில் உள்ள ஹாம் ரிப்பீட்டர் ஓடுகிற நாட்களில் 437.800 இல் கேளுங்கள், அனுப்புவது 145.990, டோன் 67. எஸ்ஓ-50 என்ற சின்னச் செய்மதிக்கு அனுப்புவது 145.850, டோன் அதே 67, கேட்பது 436.795, அது தூங்கிக் கிடந்தால் முதலில் 74.4 டோனோடு இரண்டு விநாடி அழுத்தி எழுப்ப வேண்டும்.

செய்மதி நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை கூடும், விலகும்போது குறையும், 70 சென்டிமீட்டரில் அது 10 கிலோஹேர்ட்ஸ் வரை போகும். ஆகவே ஐந்து சானல் அடுத்தடுத்துப் போட்டு வையுங்கள்: 436.805, 436.800, 436.795, 436.790, 436.785, எல்லாவற்றுக்கும் அனுப்புவது அதே 145.850. வரும்போது முதலாவதில் தொடங்கி, குரல் உடையத் தொடங்கினால் ஒன்று கீழே இறங்குங்கள். ஸ்குவெல்ச்சை 0 இல் வைத்து, காதுக்கு இயர்போன் போட்டு, நீண்ட அன்டெனாவை மெதுவாகத் திருப்பிச் சரித்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று தெளிகிற கோணம் ஒன்று வரும், அதில் பிடித்து நில்லுங்கள். இந்தியாக்காரர்களின் குரல் அநேகமாக வரும். முதல் நாள் கேட்க மட்டும் செய்யுங்கள். அடுத்த நாள் இடைவெளி கிடைத்ததும் உங்கள் அழைப்புக்குறியையும் இடக்குறியையும் (பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஹாம்கள் வைத்திருக்கிற குறி) சொன்னால் போதும், அதற்கு மேல் கதைக்க அங்கே நேரமில்லை. மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை, திருக்கோவில் எல்லாம் என்ஜே07. வாகரைக்காரர்கள் என்ஜே08, பொத்துவிலும் பாணமையும் என்ஜே06. கொழும்பு எம்ஜே96 இல் கிடக்கிறது, இலங்கை ஹாம்களில் பலர் அந்தப் பக்கம்தான். ஆகவே இடக்குறி சேர்க்கிறவர்களுக்கு கிழக்கிலிருந்து வருகிற குரல் அருமையானது. யாராவது திரும்பக் கூப்பிட்டு இடக்குறியை மறுபடி கேட்டால் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள்.